மெயின் சுவிட்சில் கிடந்த துண்டு

சேலம், தொழிலாளர் நஷ்டஈடு விசாரணையில் 12.6.1984 அன்று சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் பாவாயி. வயது 41. கணவர் பெயர் மணியன். ராசிபுரம் வட்டம் மேட்டுக்காட்டில் குடியிருந்தேன். மருதாசலம் என்பவரின் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் பதினோரு வருடமாகக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவும் வேலை செய்கிறேன். குடியிருந்த வீடும் அவருடையதுதான். மனுதாரர் செங்கோடன் அதே பேக்டரியில் கிழங்கு அரவை மிஷின் ஓட்டியவர். எனக்குச் சொந்தக்காரர் இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

மிஷினைச் சுத்தம் செய்ய இறங்கும் ஆள் தன் தோள் துண்டை மெயின் சுவிட்சின் கைப்பிடியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். போட்டவரே வந்து எடுக்கும்வரை முதலாளியானாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. இது ஆரம்பத்திலிருந்தே பேக்டரியில் உள்ள கட்டு. ஏனென்றால் சுவிட்சு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மிஷின் தெரியாது, நடுவில் சுவர் இருக்கிறது.

சென்ற வருடம் ஆயுத பூஜை அன்று காலை, பூஜைக்கு மிஷின் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னதன் பேரில், செங்கோடன் நீலக் கரை போட்ட தன் துண்டைக் கைப்பிடியில் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு உருளையின் பற்களில் காய்ந்து கிடந்த கிழங்குத் திப்பியைச் சுரண்ட உள்ளே இறங்கினார். அதன் பிறகு முதலாளி, "பத்தரைக்கு ராகு காலம் முடியுது, சுவிட்சுக்கெல்லாம் பொட்டு வெச்சுரு சாமி" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். வியர்வைத் துணி கிடக்கும் இடத்தில் பொட்டு வைப்பது ஆகாது என்று எனக்குப் பட்டது. துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பொட்டு வைத்தேன். பொட்டு காய்ந்ததும் திரும்பப் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் பூசணிக்காய்க்குக் குங்குமம் கொண்டுவா என்று வாசலில் கூப்பிட்டார்கள், போனேன். பாவி, மறந்துவிட்டேன்.

அதன் பிறகு முதலாளி சூடம் காட்டினார். துண்டு இல்லாததால் உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து, வருடா வருடம் செய்வது போல மிஷினை ஒரு சுற்று ஓட்டச் சுவிட்சைப் போட்டார். மணி அடித்துக்கொண்டிருந்ததால் செங்கோடன் கத்தியது கேட்கவில்லை. மணி நின்ற பிறகுதான் கேட்டது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பூஜைக்கு விரித்த ஜமக்காளத்தில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். ரத்தத்தை நிறுத்தத் துணி கேட்டார்கள். என் இடுப்பில் அவர் துண்டு இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளியிடம் போய், "துண்டை எடுத்தது நானுங்க" என்று அழுதேன். "வேற யாருகிட்டயும் வாயத் தொறந்துராத. சொன்னீன்னா உன்னையத்தான் புடிச்சுட்டுப் போவாங்க. ஊட்டையும் காலி பண்ணோணும்" என்றார். அதன் பிறகு விசாரிக்க வந்த போலீசாரிடம், துண்டு கிடக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். செங்கோடன் துண்டு போடாமல் கட்டை மீறி இறங்கினார், அதனால் நஷ்டஈடு கிடையாது என்று முதலாளி சொல்வது அந்தப் பொய்யை வைத்துத்தான்.

போன வாரம் செங்கோடன் வீட்டுக்குப் போனேன். இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார். "அக்கா, தெனமும் போடற துண்டு. அன்னிக்கும் போட்டாப்பலதான் இருக்குது. ஆனா எல்லாரும் இல்லீங்கறாங்க. நானே மறந்துட்டனாட்ட இருக்குதுங்க" என்றார். கேஸை வாபஸ் வாங்கப் போவதாக அவர் மனைவி சௌந்திரம் சொன்னாள். கையும் போய், தன் மேலேயே பழியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு மாதமாகத் துணிப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த அந்தத் துண்டை இதனுடன் ஒப்படைக்கிறேன். துவைக்கவில்லை. ஓரத்தில் சந்தனம் இருக்கிறது. என்னைப் பிடிப்பதானால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டை நேற்றே காலி செய்துவிட்டோம்.

இங்கே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கேஸை வாபஸ் வாங்க வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் செங்கோடனுக்கும் இதை ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும்.

பாவாயி
இடது கைப் பெருவிரல் ரேகை