குட்டிக்குப் போர்த்திய கம்பளி

மாலை ஐந்தே முக்கால். பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணைக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த மரவேலி, வேலிக்கு அப்பால் புல்வெளி... பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. எதிரே ஒரு வண்டி வரவில்லை.

கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். இது என் அறைத்தோழனின் அத்தானுக்கு, அவன் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அறைத்தோழனுக்குப் பொய் வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது அவன் காது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது.

அத்தான் காரை ஓட்டினார். பின் இருக்கையில் மகள், ஐந்து வயது. அவள் அம்மா போய் ஏழு மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவள், நான்காம் நாள் இல்லை. அன்றைக்கு வாயை மூடிய பிள்ளை, அப்புறம் ஒரு சொல் பேசவில்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை, காத்திருங்கள் என்றார் டாக்டர். அத்தான் காத்திருந்தார். பிள்ளை குதிரையாக வரைந்து தள்ளியது. சரி, நிஜக் குதிரையைப் பார்த்தாவது வாய் திறக்காதா என்று பண்ணையைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கினார். அன்றைக்குக் கடைசிச் சுற்று. வேறு யாரும் இல்லை.

வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு. அதில் காலை நனைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். மருந்து நெடி, ஈர வைக்கோல் வாசம். லாயத்தைப் பார்த்துக்கொள்கிறவர் முன்னால் நடந்தார். தொப்பையும் சிரிப்புமாக இருந்தார். ஒவ்வொரு கதவிலும் குதிரையின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரெல்லாம் எழுதித் தொங்கியது.

"இதுகளுக்கு ஏழு தலைமுறை எழுதி வச்சிருக்கோம் சார். என் தாத்தா பேரு என்னன்னு கேளுங்க, முழிப்பேன்."

அத்தானும் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. கடைசிக்கு முந்தின அறை முன்னால் போய் நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு பழுப்புக் குதிரை. பந்தய ஜாதி இல்லை, வண்டி இழுக்கிற சாதாரணக் குதிரை. அதன் மடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது ஒரு குட்டி. குட்டியின் முதுகில் ஏதோ கட்டியிருந்தார்கள், சட்டை மாதிரி. ஓரமெல்லாம் சுருண்டு காய்ந்திருந்தது. அத்தான் குனிந்து பார்த்தார்... தோல். இன்னொரு குட்டியின் தோல்.

லாயக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தக் குட்டியைப் பெற்ற பந்தயக் குதிரை மூன்று நாளுக்கு முன்னால் பிரசவத்தில் போய்விட்டதாம். இந்தப் பழுப்புக்கோ குட்டி செத்துப் பிறந்ததாம். மடி நிறையப் பால், குடிக்க வாய் இல்லை. அதனால் செத்த குட்டியின் தோலை உரித்து, உயிரோடு இருக்கிற குட்டிக்குக் கட்டினார்களாம். மோந்து பார்த்துத் தன் குட்டிதான் என்று நினைத்துக்கொள்ளும். காலங்காலமாக எல்லாப் பண்ணையிலும் இதுதான் வழி என்றார்.

"அதுக்குத் தெரியாதா?"

கேட்டது யார் என்று அத்தானுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாது பாப்பா," என்றார் லாயக்காரர், எதுவும் அறியாமல். "அதுக்குக் கண்ணை விட மூக்குதான் பெரிசு."

"அப்போ இதோட சொந்த அம்மா வந்தா? அதுக்கும் தெரியாதா?"

அவர் சட்டென்று கதவைப் பார்த்தார். அதில் மாட்டியிருந்த சாம்பல் நிறக் கம்பளி அங்கே இல்லை. தோல் கட்டுவதற்கு முன்னால் குட்டிக்குப் போர்த்தியிருந்தது. குட்டியின் சொந்த வாசனை முழுக்க அதில்தான் இருந்தது. பிள்ளை அதை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடுத்துடச் சொல்லுங்க சார். பொழுது சாயறதுக்குள்ள எரிச்சிடணும்."

ஏன் என்று கேட்டார் அத்தான். எங்க வழக்கம் என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இல்லை. அத்தான் கம்பளியைப் பிடித்து இழுத்தார். பிள்ளை விடவில்லை.

"எனக்கு வேணும்ப்பா."

அப்பா. ஏழு மாதம் கழித்து. அத்தான் கையை எடுத்துவிட்டார். லாயக்காரர் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் யாரோ அவரை அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்துவிட்டார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பிள்ளை ஓயாமல் பேசினாள். கேட்டுக் கேட்டு அத்தானுக்குக் கண் மறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்ட போதுதான் கேட்டது...

டக்... டக்... டக்... டக்...

தார்ச்சாலையில் லாடம். காருக்குப் பின்னால். கண்ணாடியில் பார்த்தார். வெறும் சாலை. வேகத்தைக் கூட்டினார். அறுபது. எண்பது. சத்தமும் கூடியது. பிள்ளை பின் இருக்கையில் மண்டியிட்டுப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா போப்பா. அதுக்கு மூச்சு வாங்குது."

"எதுக்கும்மா?"

"கால் வழியா ரத்தம் வேற ஊத்துது. பாவம்."

அத்தான் காரை நிறுத்தினார். சத்தமும் நின்றது. பின்பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படிந்தது... வெளியிலிருந்து. படிந்து, கலைந்து, மறுபடி படிந்தது. உப்பும் பாலும் கலந்த ஒரு வாடை.

எட்டிக் கம்பளியைப் பிடுங்கினார். சன்னலை இறக்கினார். வீசியெறியக் கையை நீட்டிவிட்டார். அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

மூடிக்கொண்டிருந்தது. கதவு சாத்துவது போல, கொஞ்சம் கொஞ்சமாக. ஏழு மாதம் பார்த்த அதே முகம்.

கார் எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்று அத்தானுக்கே தெரியாது. கையை உள்ளே இழுத்துக்கொண்டார். கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டார். சன்னலை ஏற்றினார். அப்புறம், மூச்சு வாங்குகிற எதுவும் பின்தொடர முடிகிற வேகத்தில், மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பிள்ளையின் தலைமுடி ஈரமாக இருந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், நக்கிவிட்ட மாதிரி, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. அத்தான் துவட்டிவிட்டார். எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அறைத்தோழன் அங்கே போனான். மாமா என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள் பிள்ளை. எதிர்வீட்டு நாய், டீச்சர், டீச்சரின் கொட்டாவி என்று பேசித் தீர்த்தாள். அக்காவின் குரல் அப்படியே அவளுக்கு. கேட்டு அழுதுவிட்டான். படுக்கப் போகும்போது வாசல் கதவு தாழ் போடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போடப் போனான். அத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இருக்கட்டும் என்றார்.

நடுராத்திரி தாகமெடுத்து எழுந்தான். கூடத்தில் அத்தான் நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் கட்டில் காலியாக இருந்தது.

அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தலை தொங்கி, கண் மூடி... மூச்சு சீராக வந்தது. ஒரு கால் மட்டும் முட்டியில் லேசாக மடிந்திருந்தது. விரல் நுனி தரையில் பட்டும் படாமலும் இருந்தது. நின்றபடியே நல்ல தூக்கம்.

அவளைத் தூக்கிப் படுக்கவைக்கப் போனான். அத்தான் உதட்டில் விரலை வைத்தார்.

"விடு மாப்ளே. படுக்க வச்சா காலைல பேச மாட்டேங்கிறா."