கருகாத வயல்

– அசையாதீங்க மாமா, ஊசி குத்திடும்.

– குத்தட்டும். பொத்தான் இல்லாம மைக் முன்னாடி நின்னா ஊரே சிரிக்கும்.

– கழட்டிக் குடுங்கன்னா கேக்கறீங்களா?

– கழட்டி மாட்டறதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிடும். போட்டபடியே தை. உன் மாமியாரும் இப்படித்தான் தைப்பா. நடுவுல ரெண்டு குத்து.

– நான் குத்த மாட்டேன்... அவசியம் வந்தா தவிர.

– என்ன சொன்னே?

– ஜன்னல் பக்கம் திரும்புங்கன்னேன். இந்த மோட்டார் ரூம்ல ஊசிக் கண்ணே தெரியல.

– அட... இங்கேருந்து பாத்தா இன்னும் அழகாத்தான் இருக்கு. சுத்தி எல்லாம் தீ வெச்ச மாதிரி வட்டம் வட்டமா கருகிக் கெடக்கு. நடுவுல நம்ம வயல் மட்டும் பச்சைப் பசேல்னு...

– கண்ணு வெக்காதீங்க.

– ஏன் வெக்கக் கூடாது? என் நெல்லு. நெல்லுச் சாறு உறிஞ்சுற ஒரு புகையான் பூச்சியால ஒரு தாளைக் கூட சாய்க்க முடியல. வரப்பு பூரா ஜனம் நிக்குது பாரு. போன வாரம் வரைக்கும் என்னைக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிக்கிற மேலமடைக்காரன் கூட இன்னிக்குக் கையைப் பிடிச்சுக் குலுக்கினான்.

– பூச்சியம்மா வலை வீசினப்போ பாத்தீங்களா?

– பாக்காமலா? பல்கலைக்கழகத்துலேருந்து வந்தவங்க, படிச்ச பொம்பளை... ஒரு கண்ணாடிக் குழாயை வாயில வெச்சு உறிஞ்சி உறிஞ்சி பூச்சி பிடிக்கறாங்க. தொண்டைக்குள்ள போயிட்டா?

– நடுவுல சல்லடை இருக்கு மாமா. நான் கேட்டுட்டேன்.

– நீ கேட்டிருப்பே.

– அந்த வெள்ளைத் துணியில கொட்டினாங்களே... ஒண்ணு தங்கத்தைத் தேச்ச மாதிரி, ஒண்ணு முதுகுல கோடு போட்டுக்கிட்டு, ஒண்ணு கடுகை விடச் சின்னதா இருந்துக்கிட்டு அதுக்கு றெக்கை வேற. சிலந்தியிலேயே எத்தனை தினுசு! அவங்க எழுதறதை நிறுத்திட்டு சும்மா சிரிச்சாங்க.

– பக்கத்து வயல்ல வீசினாங்களே?

– புகையான். திரும்ப வீசினா, அதுவும் புகையான்.

– அது ஒரே சாதி நடத்துற கூட்டம். நம்மளது கல்யாண வீடு. யார் யாருக்கு என்ன உறவுன்னே தெரியாது, ஆனா பந்தி நடக்குது.

– பந்தியில யாரு எலையில யாருங்கறதுதான் விஷயம். சிலந்தி புகையானைத் திங்குது, தும்பி திங்குது, இன்னொரு பச்சைப் பூச்சி அதோட முட்டையையே தேடித் தேடிக் குடிக்குது. மருந்தடிச்சா மொதல்ல சாகறது இதுங்கதானாம். புகையான் முட்டை தாளுக்குள்ள பத்திரமா இருந்துக்கிட்டு, காவக்காரன் செத்தப்புறம் பொரிஞ்சு வருமாம்.

– நல்லாத்தான் சொன்னாங்க. அதுக்கு மேலமடைக்காரன் ஒரே வார்த்தையில அடிச்சானே... “அப்போ சங்கத் தலைவர் வயலும் மருந்தடிச்ச வயல்தானே? மடையில காலிப் புட்டி தொங்குதே?”ன்னு.

– ம்.

– பூச்சியம்மா திரும்பி என்னைப் பாத்தாங்க. ஜனமும் என்னைப் பாத்துது. அப்பத்தான் ஊரார் முடிவு பண்ணாங்க... நான் அடிச்ச அதே மருந்தை நாளைக்குக் காலையில எல்லாரும் இன்னொரு சுத்து அடிக்கறதுன்னு. புட்டியில லேபிள் இல்ல, அதனால மைக்ல நான் மருந்துப் பேரைச் சொல்லணும், அவ்வளவுதான். கடைக்காரன் வண்டியோட வந்து நிக்கறான்.

– மாமா...

– ம்?

– பேரைச் சொல்லாதீங்க.

– ஏன்? ஆ! குத்திட்டியே!

– அவசியம் வந்துடுச்சு. அசையாதீங்க, இப்ப நூலு என் கையில இருக்கு. பொத்தான் பாதியில நிக்குது. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க போக முடியாது.

– இது நல்லா இருக்கே! சொல்லு.

– நம்ம சங்கத்துல ஒரு ஏற்பாடு இருக்கில்ல...

– எனக்கேவா? ஒரே நாள்ல எல்லாரும் அவங்கவங்க மருந்தை அடிக்கணும். காலிப் புட்டியை மடையில கம்பு நட்டுத் தொங்க விடணும். தொங்காத வயலுக்கு அடுத்த முறைத் தண்ணி கிடையாது. தலைவரே ஆனாலும்.

– தலைவர் வயலே அடிக்கலைன்னா?

– மடையை நானே என் கையால அடைக்கணும்.

– அப்போ... மண்வெட்டியைத் தேடி வெச்சுக்குங்க.

– மண்வெட்டியா? எதுக்கு?

– அன்னிக்கு டேங்க்ல கலந்து உங்க முதுகுல மாட்டி விட்டது நான்தானே. அது மருந்து இல்ல. தண்ணி. வெள்ளையாத் தெரியணும்னு கொஞ்சம் பால் ஊத்தினேன்.

– பாலா?

– பால்தான். வையறதுன்னா வையுங்க. மருந்தை ஒரு பெயிண்ட் டப்பாவுல ஊத்தி, கொல்லைப் பரண்ல வெச்சுப் பூட்டிட்டேன். காலிப் புட்டியை மடையில தொங்க விட்டேன். உங்க பிள்ளைக்குக் கூடத் தெரியாது.

– ஏம்மா இப்படிப் பண்ணே?

– அதுக்கு மொத நாள் காலையில பனியில வந்து பாத்தேன். வயல் பூரா சிலந்தி வலை. யாரோ மெல்லிசுத் துணியை நெல்லு மேல காயப் போட்ட மாதிரி... வெயில் பட்டதும் அப்படியே மின்னுது. அந்தத் துணிக்குக் கீழ ஒரு ஊரே குடியிருக்கு மாமா. அதைக் கொல்லுற தண்ணியை என் கையால கலக்க மனசு வரல.

– வயல் கருகியிருந்தா?

– அதை நெனச்சுத் தூங்கவே இல்ல. தினம் வந்து தாளைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பேன். மூத்தவர் பேச்சை மீறினவள்னு ஊரே காறித் துப்பியிருக்கும். ஆனா ஜெயிச்சாச்சு மாமா! அந்தப் பச்சை பொய் சொல்லாது. நீங்க மருந்துப் பேரைச் சொன்னாத்தான் பொய்யாயிடும். பாதி கருகின வயலை எல்லாம் தண்ணி வடிச்சு, மருந்தடிக்காம விட்டா இன்னும் காப்பாத்தலாம்னு பூச்சியம்மா சொல்றாங்க. நாளைக்கு அடிச்சா அதுவும் போயிடும். நம்ம மடையை அடைச்சா அடைக்கட்டும்... என்ன, ஏன் சிரிக்கறீங்க?

– பொத்தானை முடி. முடிச்சு நல்லா போடு.

– மொதல்ல ஏன் சிரிக்கறீங்கன்னு சொல்லுங்க!

– ஏம்மா, பாலை முதுகுல கட்டிக்கிட்டு வயலைச் சுத்தி வந்தவன் நான். எனக்குத் தெரியாதா? பாதி வயல் தாண்டல, எறும்பு முதுகுல ஊர்வலம் போகுது. எந்தப் பூச்சி மருந்துல எறும்பு மொய்க்கும்?

– ஐயோ... தெரிஞ்சுமா முழு வயலும் அடிச்சீங்க?

– நிறுத்தினா ஊரு கேக்குமே. இன்னிக்குப் பொத்தானையும் நானேதான் பிச்சேன்.

– எதுக்கு?

– நீ வாயைத் திறக்கறியா, இல்ல மருந்துப் பேரைச் சொல்ல விட்டுடறியான்னு பாக்க. திறந்துட்டே. எனக்குத்தான் இத்தனை நாளா துணிச்சல் வரல. இனி மைக்ல ரெண்டு பேரும் நிக்கறோம்.

– நானுமா?

– பின்னே? மடையை அடைக்கச் சொன்னா அடைக்கறேன். ஆனா வரப்புல நின்னு அந்தப் பச்சையைப் பாத்துக்கிட்டு எவன் சொல்றான்னு பாப்போம்.

– அப்போ ஒரு நிமிஷம் இருங்க. ஓடிப் போய் பரண்லேருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்துட்டு வரேன். ஒரு சொட்டு கூட வயலுக்குப் போகலைன்னு எல்லார் முன்னாடியும் காட்டிடலாம்.

– அதை மட்டும் எடுத்துட்டு வராதே.

– ஏன்?

– நீ ஊத்தி வெச்சப்போ நாத்தம் அடிச்சுதா?

– இல்ல... மூக்கைத் துணியால கட்டியிருந்தேன். நல்ல கம்பெனி போலிருக்குன்னு நெனச்சேன்.

– நெசமான மருந்து மூடி திறக்காமலே கடைக்குத் திரும்பிப் போயிடுச்சும்மா. ஊரார் வயலை வெச்சுச் சோதிக்க எனக்கு உரிமை இல்ல. என் வயலை வெச்சுச் சோதிக்கலாமில்ல? பழைய புட்டியைக் கழுவி, உனக்கு முன்னாடியே நான் டீத்தண்ணியை ஊத்தி வெச்சிருந்தேன். உன் பெயிண்ட் டப்பாவுல இருக்கறது அதுதான். நீ வந்து பாலை ஊத்திட்டே. நம்ம வீட்ல சர்க்கரை போடத்தான் ஆளில்லாமப் போச்சு... நூலைக் கடிச்சு விடு, மைக் காத்துக்கிட்டிருக்கு.