செவ்வாய்க்கிழமை பத்து மணி

டிஷ்யூ பெட்டியை எங்கே வைப்பது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால், அழத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வராத அழுகையையும் வரவழைத்துக்கொள்ளும். ஜன்னல் விளிம்பில் வைக்க வேண்டும். தேவைப்பட்டால் எழுந்து போய் எடுத்துக்கொள்ளும். இப்போது பள்ளியில் ஆலோசகராக என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரேனாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள், மிஸ்டர் ஹோல்ம். பள்ளி வாரியத்தின் வக்கீல் சொன்னால் கேட்பாள்.

என் நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

எங்கள் பள்ளி ஒரே கட்டடம். ஒன்றாம் வகுப்பு தெற்கு வாசலில் ஆரம்பிக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வடக்கு வாசலில் முடியும். நடுவில் என் அறை. பெரிய ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ஆலோசகர், பெரிய பிள்ளைகளுக்கு வேறொருவர். பிள்ளையைக் கைமாற்றிவிட்டு மறந்துவிடலாம். வடக்கு டகோட்டாவில் எங்கள் அளவு ஊருக்கு எல்லா வகுப்புக்கும் ஒருத்திதான். ஆறு வயதில் வரும் பிள்ளை பதினெட்டு வரை என்னுடையது. வேலையைச் சொல்கிறேன்.

டெசா பிரெக்கி ஆறு வயதில் வந்தாள். பனியில் வண்டி கவிழ்ந்து அவள் அம்மா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தானியக் கிடங்கில் வேலை செய்யும் அவள் அப்பா ராய், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அழவும் மாட்டேங்கிறா, சாப்பிடவும் மாட்டேங்கிறா, மிஸ் லிண்ட். எனக்குக் கோதுமை தெரியும், லாரி தெரியும். இது தெரியல. நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வகுப்புக்கு மஞ்சள் சீட்டு போகும். ஆசிரியர் பெயரை வாசிப்பார், பிள்ளை எழுந்து வரும். மூன்றாவது செவ்வாய் அவள் அழுதாள். வாயை இறுக மூடிக்கொண்டு, துளிச் சத்தம் இல்லாமல். அப்படி அழுத பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுது முடித்து என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். மணி அடித்தும் நான் அசையவில்லை. எனக்குக் குடும்பம் இல்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

மூன்று வருடம் நல்ல வேலை நடந்தது. சாப்பிட்டாள், சிரித்தாள், பல் விழுந்ததைக் காட்ட ஓடிவந்தாள். ஒன்பது வயதில் ஒரு செவ்வாய், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றாள்.

"மிஸ் லிண்ட், இன்னிக்கு நான் வரலையே. கிக்பால் இருக்கு. நான் இல்லன்னா ஜூனி டீம் தோத்துரும்."

"ஜூனி யாரு?"

"என் ஃப்ரெண்டு. பயங்கரமா உதைப்பா. ஆனா எந்தப் பக்கம் போகும்னு அவளுக்கே தெரியாது."

ஓடிவிட்டாள். அந்த ஒரு மணி நேரமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிள்ளை தேறிவிட்டால் 'நோக்கம் நிறைவேறியது' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூட வேண்டும். படிவத்தை எடுத்தேன். இவ்வளவு சீக்கிரம் தேறிய பிள்ளை அவ்வளவு சீக்கிரம் உடைந்தும் போகலாம் என்று தோன்றியது. அனுபவம் உள்ள எவருக்கும் தோன்றக்கூடியதுதான். படிவத்தை இழுப்பறையில் போட்டேன். ஜன்னலிலிருந்த டிஷ்யூ பெட்டியை எடுத்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சீட்டு தொடர்ந்து போனது. "டெசா, உன் மஞ்சள் வந்தாச்சு. போய் ஒரு பாட்டம் அழுதுட்டு வா" என்று பையன்கள் கேலி செய்தார்கள். அதை என்னிடம் வந்து சொன்னாள். ஆறுதல் சொன்னேன். நேரத்தை மதிய இடைவேளைக்கு மாற்றியிருந்தால் கேலி நின்றிருக்கும். மாற்றவில்லை. கேலிக்குப் பிறகு அவள் அதிக நேரம் உட்கார்ந்தாள்.

ஜூனி மட்டும் கேலி செய்யவில்லை. தன் வீட்டில் தங்க வந்த ஜூனி படுக்கையை நனைத்துவிட்டாள் என்று டெசா ஒருநாள் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவளுக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டாள். என் அறையில் வாரத்துக்கொரு நாள் நாலு பிள்ளைகள் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் குழு ஒன்று உண்டு. அதில் இருவரையும் சேர்த்தேன். பீட்சா போட்ட நாள். "ஜூனி, ராத்திரி படுக்கை நனையறதப் பத்தி டெசா ரொம்பக் கவலைப்படறா. இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். மற்ற இரண்டு பெண்களும் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஜூனி பீட்சாவைத் தட்டில் வைத்துவிட்டு டெசாவைப் பார்த்தாள். பிறகு எந்தக் காலத்திலும் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய் சீட்டு எழுதும் முன்பே டெசா வந்து நின்றாள்.

பதின்மூன்று வயதில் ஓட்டப் பயிற்சியாளர், பதினாறில் ஒரு பையன். எல்லாம் நோட்டில் இருக்கிறது. அவர்களிடமும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. டெசா என்னை நம்பிச் சொன்னவற்றில் ஒரு வரியை, கேட்க வேண்டியவர் காதில், கேட்க வேண்டிய நேரத்தில் சொன்னேன். இருவரும் விலகிப்போனார்கள்.

பதினேழில் கடலைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாள். கடலையே பார்த்திராத பெண். ஒரெகன், மெய்ன் என்று கடலோர மாநிலங்களில் மூன்று கல்லூரிகளுக்கு எழுதினாள். ஆலோசகரின் அறிக்கை இல்லாமல் விண்ணப்பம் போகாது. அதைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது பிள்ளைகளின் வழக்கம், அவளும் எழுதிக்கொடுத்தாள். என் அறிக்கை இது: 'பதினோரு ஆண்டுகளாக வாரந்தோறும் ஆதரவு தேவைப்படும் மாணவி. நட்பு நிலைப்பதில்லை. வீட்டைவிட்டுத் தொலைவில் இருந்தால் அவளுடைய பாதுகாப்பை நினைத்துக் கவலைப்படுவேன்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. மூன்று இடமும் மறுத்துவிட்டன.

"நான் எதுல குறைஞ்சுபோனேன் மிஸ் லிண்ட்?" என்று கேட்டாள். பெட்டி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இப்போது நோட்டு. ஆலோசகர் தன் நினைவுக்காக எழுதும் குறிப்பு அவருக்கு மட்டுமே சொந்தம். எங்கள் பள்ளியில், இன்னொருவர் கையில் கொடுத்த நிமிடம் அது பிள்ளையின் கோப்பில் சேர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். டெசாவின் கடைசி வருடம், வசந்தத்தில், எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் என் இடத்துக்கு ரேனா வந்தாள். ஆறு செவ்வாய் டெசா தனியாக என்ன செய்வாள் என்ற பயத்தில், அவளைப் பற்றி எழுதிவந்த நோட்டை ரேனாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. நான் கற்றுக்கொடுத்தபடி கோப்பில் வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்த அன்று ரேனா, "அந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்கா மிஸ் லிண்ட்? இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டேன். சரின்னு சிரிச்சுட்டுப் போயிட்டா" என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டிருந்ததில் நோட்டைத் திருப்பிக் கேட்க மறந்துபோனேன்.

பெட்ரோல் பங்கில் ஒரு வருடம் காபி ஊற்றிக்கொடுத்த பிறகு, மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று டெசா தன் பள்ளிக் கோப்பைக் கேட்டாள். பத்தொன்பது வயது, கேட்க உரிமை உண்டு. அலுவலகத்தில் நோட்டோடு சேர்த்து மொத்தத்தையும் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வயதுக்கான பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பதை நீங்களே வாசித்தீர்கள். 'தேறிவிட்டாள். ஜூனியை விலக்க வேண்டும்.' ஏன் எழுதிவைத்தேன் என்று கேட்கிறீர்கள். செய்த வேலையைக் குறித்துவைப்பது என் பழக்கம்.

எல்லாம் நான் செய்ததுதான். யாரும் தூண்டவில்லை, தெரியாமலும் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயம். உள்ளே வரும்போது வெளி பெஞ்சில் டெசாவைப் பார்த்தேன். பக்கத்தில் ராய் சுவரிலிருந்த அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் வாயை இறுக மூடியிருந்தாள். அழுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை, உங்கள் ஆட்களுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என்னைவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பையில் டிஷ்யூ பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, மிஸ்டர் ஹோல்ம். மணி பத்தாகப் போகிறது. அவளை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.