எர்த் கம்பி

செருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார், ஐயா. மின்சார வேலை நடக்கும் இடத்தில் ரப்பர் செருப்பில்லாமல் கால் வைக்க மாட்டேன். இதை வைத்துத் தம்பி பண்ணாத கேலி இல்லை. என் கல்யாணத்தன்றே, "அண்ணி, தூங்கும்போதாவது கழட்டுறாரான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

மின் அளவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். தம்பி ஓர் இரும்புப் பெட்டி செய்திருந்தான். துளி மின்சாரம் வாங்கிக்கொண்டு வரிசையாகப் பல்புகளை எரிக்குமாம். ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் என்னிடம் காட்டினான். பல்புகள் பளிச்சென்று எரிந்தன. மீட்டரில் ஒன்றுமே இல்லை.

"எப்படி அண்ணா?"

"பிரமாதம்டா."

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பல்புகளிலிருந்து திரும்பும் மின்சாரத்தைத் தவறுதலாகப் பெட்டியின் உடம்போடு இணைத்திருந்தான். அது எர்த் கம்பி வழியாகத் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. மீட்டரை மாட்டியிருந்ததோ, முறைப்படி அது திரும்ப வேண்டிய நியூட்ரல் கம்பியில். அதில் எதுவும் ஓடவில்லை, மீட்டரும் எதுவும் காட்டவில்லை. எர்த் கம்பி இருக்கும்வரை அந்தப் பெட்டியைக் குழந்தைகூடத் தொடலாம். எடுத்துவிட்டால் பெட்டி முழுக்க மின்சாரம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பான்.

காட்டும் நாளன்று கூடத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னேன். விருந்தாளிகள் வரும் இடமல்லவா. மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் அந்தப் பழைய கட்டடத்தில் கிடையாது. அதை முன்பே போய்ப் பார்த்துக்கொண்டேன்.

வந்தவர்களில் ஓர் அம்மா, "மறைச்சு வேற கம்பி எதுவும் வரலையே?" என்று கேட்டார்.

"நியாயமான கேள்வி" என்றேன். "தம்பி, செருப்பைக் கழட்டிடு. கால் வழியா ஒண்ணும் வரலைன்னு தெரியட்டும். ஒரு கையைப் பெட்டி மேல வை. இன்னொரு கையால எர்த் கம்பியை உருவு."

"உருவலாமா அண்ணா?"

"நான் இருக்கேன்ல."

அவன் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "எங்கண்ணன் பயந்தாங்கொள்ளிங்க. ஆனா கணக்கு தப்பாது."

உருவினான். பல்புகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. நான் நினைத்தது சரி என்று நிரூபணமாயிற்று.

"மெயின் சுவிட்ச் உங்க கைக்கு எட்டுற தூரத்துலதானே இருந்துச்சு, மாமா?" என்று தம்பி மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எட்டும்தான். ஆனால் மீட்டரைப் படிக்காமல் அணைத்தால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நிதானமாகப் படித்தேன். முன்போலவே ஒன்றும் காட்டவில்லை. பிறகு அணைத்தேன்.

அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது, ஐயா. வெறுங்காலோடு ஒருதரம் நின்று பார்த்தால் அவனுக்கே புரியும் என்றுதான் நினைத்தேன்.

இனிமேல் அந்தக் கேலியைப் பண்ண மாட்டான்.