கடலுக்குப் போன அப்பா

"அப்பா செத்தது அடுத்த ரவுண்டு முடியிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு டிவிக்காரங்க சொல்றாங்கம்மா."

கோட்டைப்பட்டினம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். டீன்ஏஜ் பாட்டுப் போட்டியில் போன வாரம் பாடியவள்! கண் கலங்கி நானும் ஓட்டுப் போட்டிருந்தேன்.

"அப்பா எங்கன்னு கேட்டதுக்கு நீ என்னடி சொல்லித் தொலைச்ச?" என்றார் அவள் அம்மா.

"கடலுக்குப் போனவரு இன்னும் திரும்பலன்னேன். மத்தியானம் கரைக்கு வந்துருவாருன்னு சொல்றதுக்குள்ள சோக மியூசிக் போட்டுட்டாங்க."

"மனுசன் வீட்டுல நண்டுக் கொழம்பு தின்னுக்கிட்டு இருக்காரு!"

"அதத்தான் மேடையில சொல்லப் போறேன். பாடுறதுக்கு முன்னாடியே."

"சொன்னா ஓட்டுக் கொறையும், நீ வெளிய போயிருவன்னு பயங்காட்டுறாங்களேடி."

"போனாப் போறேன். அப்பாவக் கொன்னு எனக்கு ஃபைனல் வேணாம். ஓட்டு பாடியே வாங்கிக்கிறேன்."

அம்மா பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏங்க, சனிக்கெழம கடலுக்கு வேணாம், எங்களோட சென்னைக்கு வாங்க. ஒண்ணுமில்ல, முன் வரிசையில ஒக்காந்து நல்லாச் சத்தமாக் கை தட்டணும்."