திமிங்கலத்துக்கு வந்த மொய்

கடற்கரைக் கோட்டைக் கச்சேரியில், துரை முன்பாக, கைதி தன் மொழியில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் லார்ட்டே எடுத்துச் சொல்லி, குமாஸ்தா எழுதியது.

பெயர்: டோசு அஹியாபோர். வயது: நாற்பத்தைந்து என்று எழுதியிருக்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை, என் பல்லைப் பார்த்துவிட்டுக் குமாஸ்தா போட்டது. தொழில்: கரைவலை இழுப்பது. ஊர்: அட்சாவே.

ஜெர்மன் வியாபாரி ஒருவரிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு கடலுக்கடியில் போகும் தந்தி வடத்தை நான் வெட்டியதாக என் மேல் குற்றம். அது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசித்ததில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியும் எனக்கு நடந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வரிசையாகச் சொல்லும்படி உத்தரவானதால் சொல்கிறேன்.

மத்தி வரத்துத் தொடங்கிய சமயம், ஒரு காலையில் நீரோட்டம் பார்க்கக் கரைக்குப் போனேன். கழிமுகத்துக்குக் கிழக்கே மணலில் கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது திமிங்கலம் என்று தெரிந்தது, செத்திருந்தது என்றும் தெரிந்தது. அதன் கீழ்த்தாடையைச் சுற்றி மணிக்கட்டுப் பருமனில் தார் பூசிய ஒரு வடம் இறுக்கிச் சதைக்குள் இறங்கியிருந்தது. அதனால் வாய் மூடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

எங்கள் கரையில் ஒதுங்கும் திமிங்கலத்துக்கு மனிதப் பிணத்துக்குச் செய்வதெல்லாம் செய்ய வேண்டும். முதலில் கண்டவன்தான் அதற்கு மகன். அவன் கருமாதி முடித்து, தலை மழித்து, கடலில் முழுகி எழும்வரை ஊரில் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. துரை வேறு நாட்டுக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன். எனக்கு முன்பே மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதில் ஒருவன் என் மைத்துனன். நான்தான் முட்டாள்தனமாகக் கூச்சல் போட்டேன்.

அதன் பிறகு என் மனைவி அப்லா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊர்ல அத்தன பேருக்கும் கண்ணு இருக்கு. ஒனக்கு மட்டும் என்னய்யா பார்வ வேண்டிக் கெடக்கு?"

அதன் பிறகு ஊர்த்தலைவர் வந்தார். சுற்றிவந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கட்டுப் போட்ட பொணத்தப் பொதைக்கக் கூடாதுடா டோசு. கட்ட அவுத்து வாய மூடு. மகன் நீதான், வேற எவனும் பொணத்துல கை வைக்க மாட்டான்."

அது தந்தி வடம் என்று எனக்கு அப்போது தெரியுமா என்று துரை கேட்கிறார். கோட்டைக்காரர்கள் கடலுக்கடியில் ஒரு கயிறு போட்டிருக்கிறார்கள், அதன் வழியாகச் சீமையிலிருக்கும் தங்கள் ராணியோடு பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. நான் நம்பவில்லை. கயிறு எங்காவது பேசுமா? இந்தக் கயிற்றின் ஒரு முனை பிய்ந்து மணலில் கிடந்தது. மறு முனை தண்ணீருக்குள் போனது. கட்டு நெகிழட்டும் என்று நானும் இன்னும் சிலரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம், வந்தது. மேலும் இழுத்தோம், மேலும் வந்தது. அதன் பிறகு வரமாட்டேன் என்று நின்றது, நின்ற இடத்தில் கோடரியால் வெட்டினேன். உள்ளே கறுப்புப் பிசின் இருந்தது, பிசினுக்குள் செம்புக் கம்பி இருந்தது. வெட்டும்போது அதற்கு உயிர் இருந்ததா என்று துரை கேட்டார். திமிங்கலத்தைக் கேட்கிறாரா, கயிற்றைக் கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. லார்ட்டேக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. திமிங்கலம் முன்பே செத்துவிட்டது என்று சொன்னேன். கயிறு முன்பே அறுந்திருந்ததா, நான் வெட்டித்தான் அறுந்ததா என்று இத்தனை தடவை கேட்டபின் எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு தாடைக் கட்டை அவிழ்த்து வாயை மூடி, துணி போர்த்தி, கொட்டு வைத்தோம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வந்து அழுது மொய் வைத்தார்கள். பக்கத்து ஊரான வோடோமேயில் கடை வைத்திருக்கும் ஜெர்மன் வியாபாரி புருங்கேயும் வந்தார். அவரை நாங்கள் சிவப்புத் தாடி என்போம். பல வருசமாக எங்களோடு இருப்பதால் எங்கள் பேச்சு அவருக்கு வரும். அவர் வைத்த மொய்யை, எல்லோர் மொய்யையும் போலவே, கூவுகிறவன் எழுந்து நின்று கூவினான்.

"வோடோமே புருங்கே அண்ணன் ஜின்னு சாராயம் ஒரு பெட்டி! கறுப்புத் துணி ஒரு கட்டு! கேட்டுக்குங்க சனங்களே, கேட்டுக்குங்க!"

கைக்கூலியை எவனாவது கொட்டு முழக்கி வாங்குவானா என்று துரையிடம் கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி உத்தரவானது.

அதன் பிறகு புருங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு வெயிலில் நெடுநேரம் நின்றார். "பெரிய மனுசன் போயிட்டாரு, டோசு" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதன் பிறகு மணலில் கிடந்த வடத்துண்டைப் பார்த்தார், குனிந்து அந்தச் செம்பைத் தொட்டார். "இது எப்ப கரைக்கு வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். சாவு வீட்டில் கை நனைக்காமல் போகக்கூடாது என்று நான் தடுத்தேன். அவசரம் என்றார். அது எனக்கு அன்றே உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு, தலை மழிக்கும் நாள் வருமுன்பே, சிப்பாய்கள் வந்து என்னைக் கட்டி இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அடைபட்டதால் ஊருக்குக் கடலும் அடைபட்டது.

இங்கே வந்த பிறகு லார்ட்டே எனக்கு ஒன்று சொன்னார். வோடோமே கரையில் ஜெர்மன்காரர்கள் கொடி ஏற்றிவிட்டார்களாம். வடம் அறுந்து கிடந்ததால் அந்தச் சேதி கோட்டையிலிருந்து ராணிக்குப் போகவில்லையாம், ராணியின் கப்பல் வருமுன் காரியம் முடிந்துவிட்டதாம். என் தங்கை டான்சியை வோடோமேயில்தான் கொடுத்திருக்கிறது. அவள் கிளறும் சோளக் களி சூடு ஆறுமுன் என் வீட்டுக்கு வந்துவிடும், அவ்வளவு தூரம்தான். இப்போது அவள் வேறு நாடாம். அவளும் நகரவில்லை, நானும் நகரவில்லை, நடுவில் இருந்த தென்னையும் நகரவில்லை. எது நகர்ந்தது என்று கேட்டேன். லார்ட்டே ஒரு படத்தைக் காட்டினார். அதில் கடல் எது, நிலம் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு துரை என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். வடத்தை யாரும் அறுக்கக்கூடாது என்று எல்லா ராஜாக்களும் சேர்ந்து ஒப்பந்தம் செய்திருக்கிறார்களாம். புருங்கே ஜின் கொடுத்து வெட்டச் சொன்னதாக நான் ஒத்துக்கொண்டால், அதைக் காட்டிக் கொடியை இறக்கச் சொல்லலாமாம், எனக்கும் அன்றே விடுதலையாம். லார்ட்டே என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், ஒரே ஒரு ஆமாம். அதச் சொன்னா வாய் சுளுக்கிக்குமா? நீ வீட்டுக்குப் போவ, ஒன் தங்கச்சி பழையபடி ஒன் நாட்டுக்கு வந்துருவா."

"அந்தாளு மொய்தான வெச்சாரு?"

"எவன்யா இவன்! மொய்யாவது மண்ணாவது. ராஜாங்க விசயம்யா இது."

எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. மொய்யைக் கைக்கூலி என்று என் வாயால் சொன்னால் அது சாவு வீடே இல்லை என்றாகும். நான் மகன் இல்லை, தகப்பன் பிணத்தை விற்றவன் என்றாகும். அப்புறம் எந்தத் தலையை மழித்து எந்தக் கடலைத் திறப்பது? கடலைத் திறக்க நான் வெளியே போக வேண்டும், வெளியே போகச் சொல்ல வேண்டிய சொல்லே கடலை அடைத்துவிடும். இதை லார்ட்டேயிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார், துரைக்கு எடுத்துச் சொல்லவில்லை. இப்போதாவது எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புருங்கே மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சொத்துக்காக வந்து அழுகிறவன் இல்லாத சாவு உண்டா? அதற்காக அவன் மொய்யைத் திருப்பியா கொடுக்கிறோம்? இன்னொன்றும் எழுத வேண்டும். திமிங்கலத்தின் தாடையை இறுக்கியது கோட்டைக்காரர்களின் கயிறு. கயிறு இல்லாதவர் வந்து தொப்பியைக் கழற்றினார். கயிற்றுக்காரர்கள் என்னைக் கட்ட வந்தார்கள். இதில் யார் யாருக்கு உறவு, யார் பகை என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு அப்லா களி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள்.

"தலைவர் சொல்லி வுட்டாரு. எதையாச்சும் ஒத்துக்கிட்டு வந்து சேருவியாம். கடல் நெறைய மீனு, கரை நெறையப் படகு, வயிறு நெறையக் காத்து. புள்ளைங்க சேத்துல நத்த பொறுக்குதுங்க. ஒன் பேரச் சொல்லித்தான் ஊரே வையுது."

கருமாதி முடியுமுன் மகனும் செத்துப்போனால் என்ன செய்வது என்று எங்களுக்கு வழக்கம் உண்டு. இரண்டு சாவையும் ஒன்றாக அழுது, அவன் மனைவி தலை மழித்துக் கடலில் முழுகினால் கடல் திறந்துவிடும். அப்படி அழப்பட்டவன் பிறகு உயிரோடு நடந்து வந்தாலும் ஊரில் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள், அவன் வலையும் வீடும் அவனுடையதல்ல. இது அப்லாவுக்கும் தெரியும்.

"நான் செத்துட்டேன்னு அழுதுரு" என்றேன்.

"வாயக் கழுவுய்யா! உசுரோட குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கிறவனுக்கு நான் எப்படிய்யா ஒப்பாரி வைப்பேன்?"

"நல்லா வைப்ப. இத்தன வருசம் என்ன வஞ்சதுல பாதிய ராகத்தோட சொல்லு, போதும்."

அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகு நான் களியைத் தின்று முடிக்கும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை.

அதன் பிறகு நேற்று, கிழக்கேயிருந்து வந்த உப்பு வியாபாரி ஒருவன் வாசலில் நின்று சிப்பாயிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"அட்சாவேயில படகெல்லாம் எறங்கிருச்சுப்பா. மத்தி மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு. பெரிய சாவுல்ல அங்க."

"யாரு?"

"யாரோ டோசுவாம். பொண்டாட்டிக்காரி அழுதா பாரு, வசவும் பாட்டுமா! சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம சனமே தவிச்சுப் போச்சு. மொட்டத் தலையோட முழுகி எழுந்தவ, கரையேறாம அங்கயே நின்னாளாம். நாலு பேரு புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க."

சிப்பாய் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

இன்று காலை துரை மறுபடியும் கேட்டார்: ஒரு ஆமாம் சொன்னால் இப்போதே வீட்டுக்கு விடுகிறேன். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். புருங்கே வைத்தது மொய். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

தெரிந்ததைத் தெரிந்தபடியும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறேன், ஒருவர் மிரட்டியோ ஆசை காட்டியோ இதில் ஒரு சொல்லும் சேரவில்லை. செத்தவன் சொன்ன சாட்சி செல்லுமா என்று லார்ட்டேயைக் கேட்டேன், துரையைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். என் மொழியில் திருப்பிச் சொல்லக் கேட்டு, சரி என்று கண்டு, எழுதத் தெரியாததால் கீறல் இடுகிறேன்.

X

காலஞ்சென்ற டோசு அஹியாபோர், அட்சாவே