வாங்க வருகிறவர்களுக்கு ஒரு கடிதம்

கிருசாந்தி: வடை பிறகு அன்ரி. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்கோ. இந்தக் கடிதத்தை ஆர் எழுதினது?

சற்குணம்: எந்தக் கடிதம்?

கிருசாந்தி: உங்கட குசினி லாச்சிக்குள்ள, கரண்டியளுக்கு மேல கிடந்த கடிதம். வீடு பாக்க வந்த சனமெல்லாம் லாச்சியை இழுத்து இழுத்து வாசிச்சிருக்கு.

இராசமலர்: லாச்சியை ஏன் இழுக்கினம்? என்ர கரண்டியில அவைக்கு என்ன வேலை?

கிருசாந்தி: வீடு வாங்க வாற ஆக்கள் எல்லாத்தையும் இழுப்பினம் அன்ரி. நான்தான் அவைக்குச் சொல்லிக் குடுக்கிறனான். லாச்சியை இழுங்கோ, பைப்பைத் திறவுங்கோ, கக்கூஸில தண்ணி அடிச்சுப் பாருங்கோ, ஏலுமெண்டால் ஒருக்கா மழைக்குள்ளயும் வந்து பாருங்கோ எண்டு.

சற்குணம்: அப்ப நீர் ஆரின்ர பக்கம்? எங்கட வீட்டை விக்க வந்தனீரோ, அவைக்குப் பாடம் எடுக்க வந்தனீரோ?

கிருசாந்தி: உங்களுக்கும் பாடம் எடுத்தனான்தானே அங்கிள். பாக்க வாற நேரம் வீட்டில நிக்காதேங்கோ, கருவாடு பொரிக்காதேங்கோ, வழியில ஆரும் கண்டு கேட்டாலும் வாயைத் திறக்காதேங்கோ. கடிதம் எழுதாதேங்கோ எண்டு மட்டும்தான் சொல்லேல்லை... இந்த ஓக்லாந்தில பதினொரு வருசமா வீடு வித்துக் குடுக்கிறன். அப்பிடி ஒண்டு சொல்லவேண்டி வரேல்லை.

சற்குணம்: நான் சொல்லுக் கேட்டனான். மூண்டு ஞாயிறும் சந்தையிலதான் நிண்டனான். அவை வீடு பாக்கிறது அரை மணித்தியாலம், நான் மூண்டு மணித்தியாலம் வெண்டிக்காயைப் பாத்துக்கொண்டு...

இராசமலர்: பாத்தது சரி. ஒரு நாளும் வெண்டிக்காய் வீட்டுக்கு வரேல்லை.

கிருசாந்தி: கதையை மாத்தாதேங்கோ. இதில பதினெட்டு விசயம் எழுதிக் கிடக்கு. வீட்டில உள்ள பிழையெல்லாம் வடிவா இலக்கம் போட்டு...

சற்குணம்: பதினெட்டோ? பன்ரண்டுதானே!

கிருசாந்தி: எண்ணிக்கை உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள்?

சற்குணம்: பன்ரண்டு... இருக்கும் எண்டு சொன்னனான்.

இராசமலர்: இவரிட்ட ஒரு களவைக் குடுத்தால், களவெடுத்த சாமானுக்கு ரசீதும் எழுதிக் குடுத்திட்டு வருவார்.

கிருசாந்தி: அப்ப பன்ரண்டு அங்கிளின்ர. மிச்சம் ஆறும்?

இராசமலர்: ஆறில்லை, அஞ்சு.

சற்குணம்: இஞ்ச பாரும்! நீருமோ?

கிருசாந்தி: ஐயோ... ரெண்டு பேரும் பொலிசிட்டப் போயிடாதேங்கோ. பன்ரண்டும் அஞ்சும் பதினேழு. ஒண்டு மிஞ்சுது. சரி, அது கிடக்கட்டும்.

சற்குணம்: பிள்ளை, நான் சொல்றதைக் கேளும். அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருபது வருசம் இருந்தனான். ஒரு கதிரையை விட்டு எழும்பேக்க, அடுத்து வாறவனுக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைக்கிறதுதான் முறை. எந்த அலுமாரிக்கு எந்தத் திறப்பு, எந்த ஃபைலுக்குள்ள பாம்பு எண்டு. ஒரு கதிரைக்கே அப்பிடியெண்டால், இருபத்திரண்டு வருசம் இருந்த வீட்டுக்கு எழுதாம விடுறதோ?

இராசமலர்: குறிப்பெழுதினவர் கரண்டிக்கு மேல வைச்சால் நான் காணமாட்டனோ? முதல் கிழமையே கண்டிட்டன். கண்டாப் பிறகு எனக்கும் கை சும்மா இருக்கேல்லை.

சற்குணம்: எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே!

இராசமலர்: நீங்கள் சொன்னனீங்களோ?

சற்குணம்: எழுதி முடிச்ச கடிதத்தைத் திரும்பப் பாக்கிற பழக்கம் எனக்கில்லை. அதில நீர் வாடகைக்கு இருந்திருக்கிறீர்.

கிருசாந்தி: நான் வாசிக்கட்டோ? இங்கிலிசில கிடக்கு, தமிழில சொல்றன். நாலாவது. "வடமேற்கு மழைக்கு உடுப்புத் தோய்க்கிற அறை ஜன்னலால தண்ணி வரும். அதுக்கெண்டு ஒரு நீலத் துவாய் இருக்கு. அது வீட்டோட சேர்த்துத் தரப்படும்."

சற்குணம்: அதில என்ன பிழை? நல்ல துவாய்.

கிருசாந்தி: ஜன்னல் ஒழுகிறதை நான் முதலே எல்லாருக்கும் சொல்லிட்டன் அங்கிள். தெரிஞ்ச பழுதை மறைச்சு விக்க ஏலாது, அது சட்டம். துவாயின்ர நிறத்தைத்தான் சட்டம் கேக்கேல்லை. ஆறாவது. "காலமை அஞ்சே முக்கால் ரெயின் போற அதிர்வுக்குச் சாமியறை மணி தானாக அடிக்கும். பயப்பட வேண்டாம். எழும்பிறதுக்கு அது நல்ல நேரம்."

இராசமலர்: அந்த மணிக்கு இவர் ஒரு நாளும் எழும்பினதில்லை. அதையும் எழுதியிருக்கலாம்.

கிருசாந்தி: ஒன்பது. "பக்கத்து வீட்டு பால் கோவிந்த் மரவள்ளிக்கிழங்கு அவிச்சு வேலிக்கு மேலால தருவார். கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் குடுக்கக் கூடாது."

சற்குணம்: ஃபிஜிக்காரர், மானமுள்ள மனுசன். வாறவன் தெரியாம வெறுங்கோப்பையை நீட்டினால் ஆருக்கு மரியாதை கேடு?

கிருசாந்தி: நான் சிரிக்கேல்லை அங்கிள்... சரி, சிரிக்கிறன்தான். ஆனா இதைப் பாத்திட்டு ஒரு சோடி இண்டைக்கு ரெண்டாந்தரமும் வந்தது. அவ்னீல், அஷ்மிதா. அஷ்மிதா கடிதம் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டு போனவள். இவ்வளவு உண்மை சொல்ற வீட்டில வேற ஒளிச்ச பழுது இராது எண்டு அவ்னீல் சொல்றான்.

இராசமலர்: அதுக்கு?

கிருசாந்தி: அதுக்கு ஒஃபர் தந்திருக்கினம். நீங்கள் கேட்டதிலும் கூட. இந்தாங்கோ பேப்பரும் பேனையும். அஞ்சு மணிக்கு முன்னம் கையெழுத்து வைச்சால் வீடு போச்சு. இப்ப நாலு இருபது... என்ன, சந்தோசமில்லையோ?

சற்குணம்: சந்தோசம்தானே.

இராசமலர்: ஓம். சந்தோசம்தான்.

கிருசாந்தி: இந்த முகத்தோட சந்தோசத்தை நான் செத்த வீட்டிலதான் கண்டிருக்கிறன்.

சற்குணம்: நீர் முதல் வையும் மலர்.

இராசமலர்: நீங்கள்தானே வீட்டுக்காரர். நீங்கள் வையுங்கோ.

சற்குணம்: கண்ணாடி அறைக்குள்ள கிடக்கு...

இராசமலர்: கண்ணாடி உங்கட நெத்தியில கிடக்கு.

கிருசாந்தி: பொறுங்கோ, ஒருத்தரும் வைக்க வேண்டாம். இன்னும் ரெண்டு வாசிச்சிட்டுத் தாறன். அங்கிளின்ர பதினொண்டு. "பின்னால கண்ணாடிக் கொட்டிலுக்குள்ள நிக்கிற கறிவேப்பிலையை நட்டவ வெள்ளிக்கிழமையளில வந்து ரெண்டு நெட்டுப் பிடுங்குவா. தயவுசெய்து உள்ள விடவும். இந்தக் குளிருக்குள்ள பதினாறு வருசமா அதைக் கம்பளி சுத்தி வளர்த்தவ."

இராசமலர்: ...இதையும் எழுதினனீங்களோ?

சற்குணம்: குறிப்புத்தானே... எழுதத்தானே வேணும்.

கிருசாந்தி: இப்ப அன்ரியின்ர பதினாறு. "இந்த வீட்டு மனுசன் ஞாயிறு சந்தை முடிய வந்து கராஜுக்குள்ள கொஞ்ச நேரம் இருப்பார். ஒண்டும் எடுக்கமாட்டார். ஒரு கதிரை விட்டுவைக்கவும்."

சற்குணம்: மலர்...

இராசமலர்: என்ன மலர்? அந்த கராஜ் இல்லாம நீங்கள் எங்க போய் இருப்பியள்? மகன் விதுஷன்ர ஆல்பனி வீட்டில கராஜுக்குள்ள ரெண்டு கார் நிக்குது. உங்களைக் கூரையிலயோ ஏத்துறது?

சற்குணம்: அப்ப அங்க போகவேணும் எண்டு ஏன் நிண்டனீர்?

இராசமலர்: நானோ நிண்டனான்? நீங்கள்தான் புல்லு வெட்ட ஏலேல்லை, புல்லு வெட்ட ஏலேல்லை எண்டு புறுபுறுத்தியள்!

சற்குணம்: புல்லு வெட்டேக்க மனுசன் புறுபுறுக்காமப் பாட்டோ பாடுறது? நீர்தான் பேத்தி பிரணவியின்ர படத்தைப் பாத்துப் பாத்துக் கண்ணைத் துடைச்சீர். அதுதான் விதுஷன் கேக்க, அம்மாவுக்கு விருப்பம் எண்டு சொன்னனான்.

இராசமலர்: என்னட்ட அவன் கேக்க, அப்பாவுக்கு விருப்பம் எண்டு நான் சொன்னனான்.

கிருசாந்தி: அவன் பாவம், ரெண்டு பேருக்கும் விருப்பம் எண்டு கீழ் அறைக்குப் புதுக் கம்பளம் போட்டிட்டு என்னைக் கூப்பிட்டவன்.

சற்குணம்: அப்ப... உமக்குப் போக விருப்பமில்லையோ?

இராசமலர்: இல்லை. உங்களுக்கு?

சற்குணம்: எனக்கு முதல் நாள் தொடங்கி நித்திரையில்லை.

இராசமலர்: அதுக்கோ ஒவ்வொரு நாளும் எழும்பி எழும்பித் தண்ணி குடிச்சியள்? நான் சலரோகம் எண்டெல்லோ பயந்தனான்!

கிருசாந்தி: என்ர தொழிலில ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு பேருக்கும் விக்க விருப்பமெண்டால் வீடு மூண்டு கிழமையில போகும். ஒராளுக்கு மட்டும் விருப்பமெண்டால் மூண்டு மாசம். ரெண்டு பேருக்கும் விருப்பமில்லாமலே மூண்டு கிழமையில ஒஃபர் வந்த வீடு இது ஒண்டுதான்.

இராசமலர்: எல்லாம் அந்த நீலத் துவாயால வந்த வினை.

சற்குணம்: உம்மட உழைப்புப் போச்சே பிள்ளை. மூண்டு ஞாயிறு வந்து நிண்டனீர்...

கிருசாந்தி: போகட்டும் அங்கிள். மனமில்லாம வித்த ஆக்கள் பிறகு கோயிலில என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பாப்பினம். விக்காம விட்ட ஆக்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவினம். சரி, நான் அவ்னீலுக்குச் சொல்லவேணும். ஒரு நிமிசம்...

இராசமலர்: வெளியில போய்க் கதைக்கிறாள். பிள்ளையின்ர முகத்தில ஒரு கவலையைக் காணேல்லை, பாத்தீங்களோ?

சற்குணம்: பாத்தனான். விதுஷனுக்கு ஆர் சொல்றது?

இராசமலர்: ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவம். இனித் தனித்தனியா ஒண்டும் சொல்லுற வேலையில்லை.

சற்குணம்: கம்பளம் போட்டவன்...

இராசமலர்: சனிக்கிழமையில போய் அதில நடந்து குடுத்திட்டு வருவம்.

கிருசாந்தி: சொல்லியாச்சு. அஷ்மிதாவுக்குக் கொஞ்சம் கவலைதான். துவாயையாவது தருவினமோ எண்டு கேட்டவள். அடுத்த ரோட்டில ஒரு வீடு வாற கிழமை விலைக்கு வருகுது, முதல் ஆளாக் கூட்டிக்கொண்டு போறன் எண்டன். அதே ரெயின்தான், மணி மட்டும் இல்லை.

சற்குணம்: அந்த வீட்டுக்காரர் உண்மை சொல்லுவினமோ? ஒரு குறிப்பு எழுதவேணுமெண்டால் என்னைக் கூப்பிடும். பழுது பாக்க எனக்கு ஒரு மணித்தியாலம் காணும்.

கிருசாந்தி: பகிடியில்லை, கூப்பிடுவன்.

இராசமலர்: கடிதத்தை இஞ்ச கொண்டாரும் பிள்ளை. இதை நான் போட்டோ அல்பத்துக்குள்ள வைக்கப்போறன்... கறுப்பு மை இவரின்ர. நீலம் என்ர. இஞ்சேருங்கோ, ஆகக் கடைசியில பச்சை மையில கிடக்கிறதையும் நீங்களோ எழுதினனீங்கள்?

சற்குணம்: என்னட்டப் பச்சைப் பேனை ஏது?

இராசமலர்: இது இங்கிலிசிலயும் இல்லை. தமிழில கிடக்கு. "பதினெட்டு. விக்கிறதுக்கு முன்னம், ரெண்டு பேரும் ஒராளை ஒராள் ஒருக்காக் கேட்டுப் பாக்கவும்."

சற்குணம்: பிள்ளை... ஒஃபர் பேப்பரோட நீர் மேசையில வைச்ச பேனை என்ன நிறம்?

கிருசாந்தி: பச்சைதான் அங்கிள். போன ஞாயிறு கடிதத்தைக் கண்டவுடனயே எழுதினனான். அது வாங்க வாற ஆக்களுக்கில்லை, விக்கிற ஆக்களுக்கு... ஒரு கிழமையா ரெண்டு பேரில ஒருத்தரும் கடிதத்தை விரிச்சுப் பாக்கேல்லை எண்டபடியால்தான் இண்டைக்குக் கையோட தூக்கிக்கொண்டு வந்தனான். இனி அந்த வடையைத் தாங்கோ அன்ரி.